ரெசிடென்சி நடுவில் அமெரிக்க ராணுவம் தரும் பணம்: கையெழுத்து போடுவதற்கு முன்

சார், நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மகள் டெக்சாஸில் அனஸ்தீசியா (மயக்க மருந்து) ரெசிடென்சி, அதாவது மருத்துவக் கல்லூரிக்குப் பிறகான சிறப்புப் பயிற்சி, செய்கிறார், இரண்டாம் வருடம் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடம் பாக்கி. மருத்துவக் கல்லூரிக் கடன் 3 லட்சத்து 10 ஆயிரம் டாலர். ராணுவ ரெக்ரூட்டர் ஒருவர் எஃப்ஏபி (நிதியுதவித் திட்டம்) என்ற திட்டத்தைச் சொல்லியிருக்கிறார், வருடத்துக்கு 45,000 டாலரும் மாதாமாதம் உதவித்தொகையும் கிடைக்கும். மாப்பிள்ளை ஆஸ்டினில் சாஃப்ட்வேர் வேலை, அவருக்கு இஷ்டமில்லை. "நல்ல திட்டம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் "போருக்கெல்லாம் அனுப்ப மாட்டார்கள் இல்லையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வரி என்று நினைக்கிறேன். அதனால் பணத்தையும் சொல்கிறேன், அதையும் சொல்கிறேன்.

நான் யார் என்று தெரிந்தால்தான் இதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். நானும் அனஸ்தீசியாதான். ரெசிடென்சியில் இதே எஃப்ஏபி வாங்கி, தரைப்படையில் சேவையை முடித்து, வெளியே வந்து, இப்போது ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் ரெசிடென்ட்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வருடத்துக்கு ஓரிருவராவது இதே கேள்வியோடு என் அறைக்கு வருவார்கள். தரைப்படையை உள்ளே இருந்து பார்த்தவன். கடற்படை, விமானப்படை பற்றிச் சொல்வது அங்கே வேலை பார்த்த நண்பர்கள் மூலம் அறிந்தது. தொகைகள் வருடாவருடம் மாறும், எந்த ஸ்பெஷாலிட்டிக்கு எத்தனை இடம் என்பதும் மாறும். ஆகவே நான் தரும் எண்களை ஒரு அளவுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். வரி விஷயத்துக்கு ஒரு சிபிஏவிடம் (உரிமம் பெற்ற கணக்காளரிடம்) போய்விடுங்கள்.

முதலில் உறுதியான விஷயங்கள். எஃப்ஏபி என்பது சிவிலியன் மருத்துவமனையில் ரெசிடென்சி செய்துகொண்டிருப்பவர்களுக்கானது. மருத்துவக் கல்லூரிக் கட்டணத்தையே ராணுவம் கட்டும் எச்பிஎஸ்பி என்ற திட்டம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எச்பிஎஸ்பியில் போனவர்கள் ரெசிடென்சி இடத்துக்கு ராணுவத்தின் தனி மேட்ச்சில் (இட ஒதுக்கீட்டுத் தேர்வில்) நிற்க வேண்டும், சிலர் நடுவில் ஓரிரு வருடம் பொது மருத்துவராகப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்படுவார்கள். உங்கள் மகளுக்கு அந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே ரெசிடென்சியில் இருக்கிறார், அதை அங்கேயே முடிப்பார். முடித்த கையோடு முழுநேர ராணுவச் சேவை தொடங்கும். எவ்வளவு காலம் என்றால், முதல் வருடப் பணத்துக்கு (அதில் ஒரு பகுதி வாங்கினாலும் சரி) இரண்டு வருடம், அதன்பிறகு ஒவ்வொரு அரை வருடத்துக்கும் அரை வருடம். உங்கள் மகள் மீதி இரண்டு வருடமும் வாங்கினால் மூன்று வருடம் சேவை. இதற்கு மேல், ராணுவத்தில் சேரும் எவருக்கும் மொத்தக் கடமை 8 வருடம். முழுநேரச் சேவை போக மீதி, சம்பளமும் பயிற்சியும் இல்லாத ஒரு இருப்புப் பட்டியலில் பெயர் இருக்கும். அந்தப் பட்டியலிலிருந்து திரும்ப அழைப்பது அபூர்வம், ஆனால் சட்டப்படி முடியும்.

இப்போது பணம். மாத உதவித்தொகை 2,000 டாலருக்கு மேல், வருடாவருடம் கொஞ்சம் ஏறும். கணக்குக்கு 2,500 என்று வைத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு 30,000, அதோடு 45,000, ஆக 75,000. இரண்டு வருடத்துக்கு ஒன்றரை லட்சம். இது முழுக்க வரிக்கு உட்பட்டது, இதை ரெக்ரூட்டர்கள் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். மகளின் ரெசிடென்ட் சம்பளம், மாப்பிள்ளையின் சம்பளம் இரண்டுக்கும் மேல் இது ஏறி உட்காரும்போது ஏறக்குறைய கால் பங்கு மத்திய அரசுக்குப் போகும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அது ஒரு ஆறுதல். கைக்கு வருவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம். 3 லட்சத்து 10 ஆயிரம் கடனுக்கு 7 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 21,000 டாலருக்கு மேல் வட்டியே ஓடுகிறது. ஆக, "கடனை அடைத்துவிடலாம்" என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியில்லை. மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்ன? ராணுவத்தில் கேப்டன் அல்லது மேஜர் நிலையில் அடிப்படைச் சம்பளம், வரியில்லாத வீட்டுப்படி, சாப்பாட்டுப்படி, ஸ்பெஷலிஸ்ட்களுக்கு வருடாந்திர ஊக்கத்தொகை, போர்டு சான்றிதழுக்குக் கொஞ்சம் எல்லாம் சேர்த்தால் ஆரம்பத்தில் வருடத்துக்கு 2 லட்சத்தை ஒட்டித்தான் வரும். சிகிச்சைத் தவறு வழக்குகளுக்கான மால்பிராக்டிஸ் காப்பீடு கட்ட வேண்டாம், குடும்பத்துக்கு மருத்துவச் செலவு கிட்டத்தட்ட இல்லை, இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு அனஸ்தீசியா மருத்துவர் முதல் வேலையிலேயே 4 லட்சத்துக்கு மேல் வாங்குவது இன்று சர்வ சாதாரணம். வருடத்துக்கு 2 லட்சம் வித்தியாசம், மூன்று வருடத்துக்கு 6 லட்சம். ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு 6 லட்சத்தை விடுகிறோம். இதுவே குழந்தை மருத்துவமோ குடும்ப மருத்துவமோ என்றால் வெளிச் சம்பளத்துக்கும் ராணுவச் சம்பளத்துக்கும் இடைவெளி குறைவு, எஃப்ஏபி பணம் அந்த இடைவெளியை ஏறக்குறைய நிரப்பிவிடும். என்னிடம் வரும் குழந்தை மருத்துவ ரெசிடென்ட்களிடம் "பணக் கணக்கு சமம், மற்றதைப் பார்" என்பேன். அனஸ்தீசியா, எலும்பு, ரேடியாலஜி ஆட்களிடம் அப்படிச் சொல்ல முடியாது.

கடனுக்கு வேறு வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மகளின் கடன் மத்திய அரசுக் கடனா, தனியார் வங்கிக்கு மாற்றிவிட்டாரா? மத்திய அரசுக் கடன் என்றால் பிஎஸ்எல்எஃப் என்ற கடன் தள்ளுபடித் திட்டம் இருக்கிறது: அரசு அல்லது லாபநோக்கற்ற நிறுவனத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டு, வருமானத்துக்கேற்ற தவணை 120 கட்டினால் மீதிக் கடன் தள்ளுபடி, அதற்கு மத்திய வரி கிடையாது. பெரும்பாலான ரெசிடென்சி மருத்துவமனைகள் இதற்குத் தகுதியானவை, ஆகவே இன்டர்ன் வருடத்திலிருந்தே (ரெசிடென்சியின் முதல் வருடம்) தவணை கட்டிவந்திருந்தால் ரெசிடென்சி முடியும்போது 48 மாதம் ஓடியிருக்கும். டெக்சாஸில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. அங்கே சட்டம் பல மருத்துவமனைகளை மருத்துவர்களை நேரடியாக வேலைக்கு வைக்க விடாது, அதனால் லாபநோக்கற்ற மருத்துவமனையில் வேலை பார்த்தும் சம்பளம் தனியார் குழுவிடமிருந்து வருவதால் முன்பு பிஎஸ்எல்எஃப் கிடைக்காமல் போனது. 2023 ஜூலையில் வந்த விதி மாற்றம் டெக்சாஸ், கலிபோர்னியா மருத்துவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்தது. ஆனால் மகள் சேவ் என்ற தவணைத் திட்டத்தில் இருந்திருந்தால் கவனம்: நீதிமன்றத் தடையால் 2024 கோடையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்ட மாதங்கள் 120-இல் சேராது. எத்தனை மாதம் உண்மையில் கணக்கில் ஏறியிருக்கிறது என்பதை லோன் கணக்கைத் திறந்து இன்றே பார்க்கச் சொல்லுங்கள். ராணுவச் சேவையும் பிஎஸ்எல்எஃப்புக்குத் தகுதியானதுதான். எஃப்ஏபி வாங்கினால் வருமானம் ஏறும், தவணையும் ஏறும், ஆனால் மாதங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே ஒருவேளை சேர்ந்தால்கூட, வந்த பணத்தை அவசரப்பட்டு கடனில் கொட்டிவிட வேண்டாம்.

ரெக்ரூட்டர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது, என் பதிலில் முக்கியமானதே இதுதான்: இப்போது கையெழுத்து போடாவிட்டால் ராணுவக் கதவு மூடிவிடாது. ரெசிடென்சி முடித்த ஸ்பெஷலிஸ்ட்டாக நேரடியாகவும் சேரலாம். ஆள் பற்றாக்குறை உள்ள ஸ்பெஷாலிட்டிகளுக்கு, அனஸ்தீசியா அந்தப் பட்டியலில் இருந்துவருகிறது, நான்கு வருடச் சேவைக்குச் சேரும்போது சில லட்சம் டாலர் போனஸ் கொடுக்கிறார்கள். எஃப்ஏபி வாங்கியவருக்கு அது கிடையாது. அதாவது இரண்டு வருடம் பொறுத்திருந்தால், அப்போதும் மனம் இருந்தால், பெரும்பாலும் கூடுதல் பணத்தோடு உள்ளே போகலாம். மனம் மாறியிருந்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முப்பதை நெருங்கும் ஒரு தம்பதிக்கு இரண்டு வருடத்தில் எவ்வளவோ மாறும். ஃபெலோஷிப் ஆசை வரும். எஃப்ஏபியில் இருந்துகொண்டு இதயம், குழந்தைகள் என்று மேற்கொண்டு படிக்க ராணுவத்தின் அனுமதி வேண்டும், கிடைத்தாலும் கிடைக்கும், இந்த வருடம் தேவை இல்லை, வேலைக்கு வா என்றாலும் வரத்தான் வேண்டும். முழுநேரம் வேண்டாம் என்பவர்களுக்கு ரிசர்வ் இருக்கிறது, மாதம் ஒரு வார இறுதி, வருடத்துக்கு இரண்டு வாரம், அவர்களுக்கும் தனியாக உதவித்தொகையும் கடன் உதவியும் உண்டு. மாப்பிள்ளையின் வேலை ஆஸ்டினில் என்பதால் அதையும் விசாரிப்பது நல்லது, ஆனால் ரிசர்வ் என்றால் அழைப்பு வராது என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. ஆமாம், அனுப்பலாம். அனுப்ப மாட்டோம் என்று எந்தக் காண்டிராக்டிலும் எழுத மாட்டார்கள், யாராவது வாயால் சொன்னால் நம்பாதீர்கள். அறுவை சிகிச்சை நடக்கும் இடமெல்லாம் மயக்க மருந்து கொடுக்க ஆள் வேண்டும், ஆகவே நம் ஸ்பெஷாலிட்டி பட்டியலின் மேலே இருக்கிறது. தரைப்படையில் மருத்துவமனையில் வேலை பார்ப்பவரின் பெயரே ஏதாவது ஒரு களப்பிரிவோடு இணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிரிவு கிளம்பினால் அவரும் கிளம்ப வேண்டும். ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்தில் அடிக்கடி போனார்கள். 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறிய பிறகு அந்த அளவு இல்லை. உங்கள் மகள் சேவையில் இருக்கும் வருடங்களில் உலகம் எப்படி இருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. குழந்தை பிறந்தால் தாய்க்கு ஒரு வருடம் வரை வெளிக்களம் அனுப்புவதில்லை, பெற்றோர் விடுப்பு 12 வாரம். இவை எழுத்தில் உள்ளவை.

நான் ஆப்கானிஸ்தான் போனேன், பெரிய மருத்துவமனை ஒன்றில் இருந்தேன். நாள்கணக்கில் எதுவும் நடக்காது, உடற்பயிற்சி செய்வோம், கருவிகளை மறுபடி மறுபடி சரிபார்ப்போம். அப்புறம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். ஒரு இரவு வந்த பையனுக்கு வயது இருபதுகூட இருக்காது, இரண்டு கால்களிலும் ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கெட் பட்டை, சேமிப்பில் இருந்த ரத்தம் தீர்ந்துகொண்டே வந்தது. ஒலிபெருக்கியில் அவன் ரத்தவகையைச் சொல்லி அழைத்தார்கள். சமையலறையில் இருந்தவர், லாரி ஓட்டுபவர், காவலுக்கு நின்றவர் என்று ஓடிவந்து வரிசையில் நின்று கையை நீட்டினார்கள். சற்று முன் ஒருவர் உடம்பில் ஓடிய ரத்தம், கையில் பிடித்தால் இன்னும் சூடாக இருக்கும் பை, அதை நான் இவன் நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பிழைத்தான். மயக்க மருந்து கொடுப்பவனாக எனக்கு அதைவிடப் பெரிய வேலை அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை. இதை உங்களைப் பயமுறுத்தவோ ஆசை காட்டவோ சொல்லவில்லை. மகள் சம்மதிப்பது இதற்குத்தான், 45,000 டாலருக்கு அல்ல. இதைப் படித்துவிட்டு அவருக்கு உள்ளே ஏதாவது அசைந்தால் அது ஒரு பதில், வயிறு கலங்கினால் அதுவும் மதிக்க வேண்டிய பதில்தான்.

ஆனால் பெரும்பாலான நாட்கள் அப்படி இருக்காது, இதையும் சொல்லியாக வேண்டும். போருக்குப் போவதைவிட, இளம் அனஸ்தீசியா மருத்துவரை அதிகம் பாதிப்பது சின்ன ராணுவ மருத்துவமனையின் அமைதி. சான் அன்டோனியோவில் உள்ள புரூக் ராணுவ மருத்துவ மையம் போல ஒரு இடம் கிடைத்தால் வேறு கதை. அது முதல்நிலை விபத்துச் சிகிச்சை மையம், ஊர் மக்களின் விபத்துக் கேஸ்களும் அங்கே வரும், கை ஓயாது. ஆனால் போஸ்டிங் ஒரு பாலைவன முகாமிலோ ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் தளத்திலோ விழுந்தால், காலையில் ஒரு ஹெர்னியா, ஒரு முழங்கால், ஒரு பித்தப்பை, நடுவில் பிரசவ வலிக்கு எபிடியூரல் ஊசி, இரண்டு மணிக்கெல்லாம் தியேட்டர் காலி. நோயாளிகள் எல்லாரும் திடகாத்திரமான இளைஞர்கள். ரெசிடென்சி முடித்த முதல் மூன்று வருடத்தில்தான் கை பழுக்கும், அந்த வருடங்களில் இதயம் பழுதான எழுபது வயதுக்காரர்களைப் பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு. ராணுவத்துக்கும் இது தெரியும். 2010களில் ராணுவ மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் குறைந்துகொண்டே வந்தன, நோயாளிகளைத் திரும்ப உள்ளே கொண்டுவரும்படி 2023 டிசம்பரில் பாதுகாப்புத் துறை உத்தரவே போட்டது. எவ்வளவு பலித்திருக்கிறது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும். நானும் என் சகாக்களும் கமாண்டரிடம் அனுமதி வாங்கி, வார இறுதிகளில் பக்கத்து சிவிலியன் மருத்துவமனையில் வேலை பார்த்துத்தான் கையைக் காப்பாற்றிக்கொண்டோம். அந்த அனுமதி உரிமை அல்ல, கொடுத்தால்தான் உண்டு. எந்த ஊர் என்பதும் அப்படித்தான், விருப்பம் கேட்பார்கள், தேவை எங்கேயோ அங்கே அனுப்புவார்கள்.

நம்மவர்களுக்கென்று இருக்கும் ஒரு விஷயத்தை ரெக்ரூட்டர்கள் எழுப்ப மாட்டார்கள், அவர்களுக்கு அது தெரியவும் வாய்ப்பில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையின் விதிகளில், வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ கிடையாது என்று இருக்கிறது. மகள் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறாரா, வைத்திருந்தால் கமிஷன் (ராணுவ அதிகாரி நியமனம்) வாங்கிய பிறகு அதன் நிலை என்ன என்பதைக் கையெழுத்துக்கு முன்பே ஹூஸ்டன் இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுங்கள். அவர் பெயரில் ஊரில் நிலமோ வீடோ எழுதிவைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இது சின்ன விஷயம் அல்ல. அதிகாரி ஆவதற்குப் பாதுகாப்புச் சோதனையும் உண்டு. இந்தியாவில் இருக்கும் நெருங்கிய உறவினர்கள், அங்கே கூட்டுக் கணக்கு, சொத்து, கடந்த வருடங்களின் பயணங்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். ஊரில் சொந்தபந்தம் இருப்பதால் தட்டிக்கழிக்க மாட்டார்கள், நம்மவர்கள் எத்தனையோ பேர் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் மறைத்தால் பிரச்சினை. சேவையில் இருக்கும்போது மதுரையில் சித்தப்பா மகன் கல்யாணம் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன் லீவும் வெளிநாட்டுப் பயண அனுமதியும் வாங்க வேண்டும். இங்கே படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வரி: எஃப்ஏபிக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். விசாவில் இருந்த மருத்துவர்களையும் தமிழ் உள்ளிட்ட சில மொழிகள் தெரிந்தவர்களையும் எடுத்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டம் 2016-இல் நின்றுவிட்டது, அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அனஸ்தீசியாவுக்கு, கடன் ஒன்றே காரணமாக, இப்போது கையெழுத்து வேண்டாம். மகளிடம் தனியாக, மாப்பிள்ளையும் நீங்களும் இல்லாதபோது யாராவது நண்பர் கேட்கட்டும்: கடனே இல்லை, ராணுவம் ஒரு டாலரும் முன்பணம் தராது, அப்போதும் மூன்று வருடம் யூனிஃபார்ம் போடுவாயா? ஆமாம் என்றால் அவர் போக வேண்டிய ஆள்தான், அதை நீங்கள் தடுக்கக் கூடாது. எந்த வழியாக, எப்போது என்பது மட்டும்தான் பாக்கி, அதற்கு நேரடிச் சேர்க்கையே பெரும்பாலும் மேல். நான் பணத்துக்காகப் போனவன் அல்ல, அதனால்தான் எனக்குப் போஸ்டிங் விழுந்த பாலைவன முகாமைக்கூட என்னால் தாங்க முடிந்தது. பணத்துக்காக வந்த சிலரோடும் வேலை பார்த்திருக்கிறேன். நல்ல மருத்துவர்கள், ஆனால் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டு மூன்று நான்கு வருடம் வாழ்வது ஒரு மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அப்படியும் சேரத்தான் வேண்டும் என்று அவர் முடிவெடுத்தால், ரெக்ரூட்டரோடு நிற்காமல், தரைப்படையின் அனஸ்தீசியா கன்சல்டன்ட்டிடம் (கடற்படையில் ஸ்பெஷாலிட்டி லீடர் என்பார்கள்) பேசவேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். போஸ்டிங் விஷயத்தில் அவர் கைதான் பெரிது, இளையவர்களின் கேள்விக்குப் பொதுவாக ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்வார்கள். கடந்த மூன்று வருடத்தில் எஃப்ஏபியில் வந்த அனஸ்தீசியா ஆட்கள் எந்தெந்த ஊருக்குப் போனார்கள், ஃபெலோஷிப் எத்தனை பேருக்குக் கிடைத்தது, வெளி வேலைக்கு அனுமதி எங்கெங்கே எளிது என்று கேட்கட்டும். காண்டிராக்டில், ரெசிடென்சியை ஏதோ காரணத்தால் முடிக்க முடியாமல் போனால் என்ன ஆகும், பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டுமா, வேறு பணியில் சேவை செய்ய வேண்டுமா என்ற பகுதியை ஒரு வழக்கறிஞரை வைத்துப் படியுங்கள். மருத்துவத் தகுதியிலும் தேங்கலாம், 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால்கூட விலக்கு வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று, விண்ணப்பம், உடல் பரிசோதனை, பாதுகாப்புச் சோதனை, கமிஷன் எல்லாம் முடிய பல மாதங்கள் ஆகும், கமிஷன் வரும்வரை ஒரு டாலரும் வராது. இன்று தொடங்கினால் மகளுக்கு இரண்டு வருடப் பணம் முழுதாகக் கிடைக்காது, ஒன்றரை வருடம் கிடைத்தால் உண்டு, அதற்கு இரண்டரை வருடச் சேவை. அந்த எண்களை வைத்து மேலே போட்ட கணக்கை ஒருமுறை மறுபடி போட்டுப் பாருங்கள்.